“மிஸ்டர்” என்னும் ஒரு சொல்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்தறிய அதன் மாளிகைகளையும் பாலங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை. அந்நாட்டில் வலியவன் எளியவனை எவ்வாறு விளித்துப் பேசுகிறான் என்று சற்றே காது கொடுத்துக் கேட்டால் போதும். தமிழ் மக்களாகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமோ? நம் மொழியில் ‘வாடா’ என்பதற்கும் ‘வா’ என்பதற்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் இடையே எத்தனை படிகள்! எவரை எந்தப் படியில் நிறுத்துவது என்பதைப் பிறப்பும் பணமும் பதவியும் சேர்ந்து தீர்மானித்து விடுகின்றன. ஆங்கிலத்தில் இத்தொல்லை இல்லை, அதில் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே ‘யூ’தான் என்று ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மவர் பலர் வியந்து பேசுவதுண்டு. அது பாதி உண்மையே. ஆங்கிலம் பேசும் பெருநாடொன்றில், ‘மிஸ்டர்’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கொடுக்க மறுத்து, ஒரு பேரினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அந்த அநீதியைப் படக்கொட்டகைக்கு வந்த பாமரரும் உணரும்படி எடுத்துக் காட்டியது ஒரு போலீஸ் படம் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

‘இன் தி ஹீட் ஆப் தி நைட்’ என்பது அப்படத்தின் பெயர். ‘இரவின் வெக்கையிலே’ என்று நாம் தமிழிற் சொல்லலாம். ஜான் பால் என்பவர் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட துப்பறியும் நாவலைத் தழுவி ஸ்டர்லிங் சிலிபண்ட் திரைக்கதை எழுத, கனடா நாட்டவரான நார்மன் ஜூவிசன் டைரக்ட் செய்தார். 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அது நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதில் நடித்த சிட்னி பாய்ட்டியர் 2022-ஆம் ஆண்டிலும், டைரக்டர் ஜூவிசன் 2024-ஆம் ஆண்டிலும் காலமாயினர். படமோ சாகவில்லை. எத்தனையோ கொலைப் படங்கள் வந்து மறைந்த உலகில் இது ஒன்று மட்டும் நிலைத்து நின்றதன் காரணம் யாது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச் சுருக்கம்

அமெரிக்காவின் தென் பகுதியிலுள்ள மிசிசிப்பி மாகாணத்தில் ஸ்பார்ட்டா என்ற சிற்றூர். வெக்கை மிகுந்த ஓர் இரவு. தொழிற்சாலை நிறுவுவதற்காக வடக்கேயிருந்து வந்த கோல்பெர்ட் என்னும் செல்வர் தெருவில் கொலையுண்டு கிடக்கிறார். ரோந்து சுற்றிய போலீஸ்காரன் ரயில் நிலையத்திற்குச் சென்று பார்க்க, அங்கே ஒரு கறுப்பர் வண்டிக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார். நல்ல உடை, சட்டைப்பையில் நிறையப் பணம். வேறென்ன சாட்சி வேண்டும்? கைது செய்து இழுத்து வந்து விடுகிறான்.

ஊர்ப் போலீஸ் தலைவர் பில் கில்லஸ்பி விசாரிக்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க, அது தம் சம்பளம் என்று பதில் வருகிறது. வாரத்திற்கு 162 டாலர் 39 காசு! கறுப்பன் ஒருவன் அவ்வளவு சம்பாதிப்பதாவது என்று தலைவர் கொதிக்கிறார். அப்போதுதான் அம்மனிதர் தம் போலீஸ் வில்லையை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அவர் பெயர் விர்ஜில் டிப்ஸ். பிலடெல்பியா நகரப் போலீசில் கொலை வழக்குகளைத் துப்புத் துலக்குவதில் தேர்ந்த அதிகாரி. தாயைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் வண்டி மாற நின்றவர்.

அவருடைய மேலதிகாரியோ, அங்கேயே தங்கி வழக்குக்கு உதவுமாறு கட்டளையிடுகிறார். கொலையுண்டவரின் மனைவி, டிப்ஸ் கையில் வழக்கை ஒப்படைக்காவிடில் தொழிற்சாலையே இவ்வூருக்கு வராது என்று சொல்லி விடுகிறார். ஆக, கில்லஸ்பிக்கு டிப்ஸின் அறிவு தேவை. டிப்ஸின் முகந்தான் பிடிக்கவில்லை. பிடித்தடைத்த வெள்ளை இளைஞனொருவன் இடக்கைப் பழக்கமுள்ளவன், ஆகவே இக்கொலையைச் செய்திருக்க இயலாது என்று டிப்ஸ் நிரூபித்து, அவனைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றுகிறார். நிறத்தைக் கண்டு குற்றவாளியாக்கப்பட்டவர், நிறத்தைப் பாராமல் மற்றொருவனுடைய குற்றமின்மையை நிலைநாட்டுகிறார்! முடிவில் உண்மைக் குற்றவாளி அகப்படுகிறான். அவன் யாரென்பதை ஈண்டுக் கூறி, இனிமேற் பார்க்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. படம் பார்த்தவர்களிற் பாதிப்பேர் அதனை மறந்தும் விட்டார்கள். அவர்கள் மறவாதவை இரண்டு காட்சிகள்.

பெயர் கேட்ட காட்சி

முதலாவது காட்சியில் கில்லஸ்பி, ‘விர்ஜில்’ என்ற பெயரைக் கேலி செய்கிறார். உன் ஊரில் உன்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று ஏளனமாக வினவுகிறார். அங்கே என்னை மிஸ்டர் டிப்ஸ் என்று அழைப்பார்கள் என்று வெடித்து வருகிறது விடை. படத்தில் அதுவரை குரலை உயர்த்தாத மனிதர் அவ்விடத்தில் உயர்த்துகிறார்.

நம் போன்றோருக்கு இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். ‘மிஸ்டர்’ என்பது ஆங்கில முதற் பாடப் புத்தகத்திலேயே வந்து போகும் சாதாரணச் சொல். ஆனால் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வெள்ளையர் ஒரு கறுப்பரை ‘மிஸ்டர்’ என்றோ, அவர் மனைவியை ‘மிசஸ்’ என்றோ அக்காலத்தில் அழைத்ததில்லை. இளைஞராயின் ‘பையன்’, முதியவராயின் ‘மாமா’, ‘அத்தை’. உறவு முறை கொண்டாடும் பாசத்தால் வந்த சொற்கள் அல்ல அவை. மரியாதைச் சொல்லைத் தவிர்ப்பதற்குக் கண்டுபிடித்த உபாயங்கள். அறுபது வயதுத் தாத்தாவும் ‘பையன்’தான்.

இது வெறும் வாய்ப்பழக்கமாக நின்றுவிடவில்லை. நீதிமன்றத்திலும் அதே வழக்கம் ஆட்சி செலுத்தியது. 1963-ஆம் ஆண்டில் அலபாமா மாகாணத்து நீதிமன்றமொன்றில், உரிமைப் போராட்டத் தொண்டர் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண்மணி சாட்சிக் கூண்டில் நின்றார். அரசாங்க வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று பெயரிட்டு அழைத்தார். ‘மிஸ் ஹாமில்டன்’ என்று முறைப்படி அழைத்தாலன்றிப் பதில் கூற மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். நீதிபதி என்ன செய்தார்? மரியாதையின்றிப் பேசிய வழக்கறிஞரைத் திருத்தவில்லை. மரியாதை கேட்ட பெண்மணிக்கு நீதிமன்ற அவமதிப்புக் குற்றஞ் சாட்டி, 5 நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்! வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அம்மன்றம் தண்டனையைத் தள்ளுபடி செய்தது. ஒரு பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லைப் பெறுவதற்கு ஒரு பெண் சிறைக்குப் போகவும் நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்புக் கூறவும் வேண்டியிருந்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்தான் திரையில் டிப்ஸ் தம் பெயரை உரைத்தார். கொட்டகையில் இருந்த கறுப்பின மக்களின் உள்ளத்தில் அச்சொல் ஏன் இடிபோல் முழங்கியது என்பது இப்பொழுது விளங்கும்.

அறைக்கு அறை

இரண்டாவது காட்சி பருத்தித் தோட்ட முதலாளியின் மாளிகையில் நிகழ்வது. கில்லஸ்பியும் டிப்ஸும் காரிற் செல்லும்போது, வழியெல்லாம் கறுப்பின ஆண்களும் பெண்களும் வெயிலில் குனிந்து பருத்தி பறித்துக் கொண்டிருக்கிறார்கள். டிப்ஸ் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே போகிறார். தோட்டத்து வாழ்வை அறிந்த நம்மவர்க்கு அந்த மௌனத்தின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முதலாளி எண்டிகாட் தம் கண்ணாடி வீட்டில் ஆர்க்கிட் மலர்களை வளர்த்துக் கொண்டிருக்கிறார். இனிமையாகவே பேசுகிறார். பேச்சு கொலையைப் பற்றித் திரும்பி, தம்மையே ஒரு கறுப்பர் விசாரிக்கிறார் என்று உணர்ந்தவுடன் கைநீட்டி டிப்ஸின் கன்னத்தில் அறைகிறார். அறை விழுந்த கணமே, ஒரு மூச்சுக்கூட இடைவெளியின்றி, டிப்ஸ் திருப்பி அறைகிறார்.

திகைத்த முதலாளி, நீர் இதற்கு என்ன செய்யப் போகிறீர் என்று போலீஸ் தலைவரைக் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை என்கிறார் கில்லஸ்பி. முன்னொரு காலமாயிருந்தால் உன்னைச் சுட்டுத் தள்ளச் செய்திருப்பேன் என்று டிப்ஸை நோக்கிக் கூறும் எண்டிகாட், அவர்கள் போனபின் அழுகிறார். பானகம் ஏந்தி நின்ற கறுப்பின வேலையாள் இவை யாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெரிய அமெரிக்கப் படமொன்றில் வெள்ளை முதலாளியின் அறையை ஒரு கறுப்பர் அந்தக் கணமே திருப்பிக் கொடுப்பது அதற்கு முன் எவரும் எதிர்பாராத காட்சி. அடி வாங்கியும் பொறுமை காத்து உயர்ந்த உள்ளத்தைக் காட்டும் கறுப்பரையே திரை அதுவரை புகழ்ந்து வந்தது. திருப்பி அறைவதைத் தாமே வற்புறுத்திச் சேர்க்கச் செய்ததாகப் பாய்ட்டியர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். திரைக்கதையில் முன்பே அது எழுதப்பட்டிருந்தது என்பாரும் உளர். எவர் எண்ணமாயினும் ஆகுக. அறைந்த கை அவருடையதே.

இவ்விடத்தில் கதாசிரியர் நிறுத்தியிருந்தால், இது பழிக்குப் பழி வாங்கும் படங்களில் ஒன்றாக முடிந்திருக்கும். அவர் இன்னும் ஓரடி மேலே செல்கிறார். அறை வாங்கிய ஆத்திரத்தில் டிப்ஸ், எண்டிகாட்டே கொலையாளி என்று முடிவு கட்டி, அவரை அவருடைய பீடத்திலிருந்து இழுத்துத் தள்ளத் துடிக்கிறார். சான்றுகள் அவ்வழி செல்லவில்லை. நீயும் எங்களைப் போன்றவன்தானே என்று கில்லஸ்பி வியப்போடு சொல்கிறார். டிப்ஸின் முகம் மாறுகிறது. மனிதனைப் பாராமல் அவன் இனத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் நோய் தம்மையும் பற்றக்கூடும் என்பதை அவர் அக்கணத்தில் உணர்கிறார். எண்டிகாட் கொடியவர்தான், ஆனால் கொலைகாரர் அல்லர். கொடியவர்க்கும் உரிய நீதியை வழங்குவதே நீதி என்னும் இப்பாடந்தான் இப்படத்தின் முதுகெலும்பு.

படம் பிடித்த வரலாறு

படத்துக்கு வெளியே நடந்தவை படத்தைவிடக் கூர்மையானவை. நாயகராக நடித்த சிட்னி பாய்ட்டியரின் பெற்றோர் பஹாமாத் தீவுகளில் தக்காளி பயிரிட்டு வாழ்ந்த ஏழைகள். 1927-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் சிறு பிராயத்தில் பெற்ற பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். நியூயார்க்கில் உணவு விடுதிகளில் தட்டுக் கழுவிப் பிழைத்தார். அங்கே பரிமாறும் வேலை செய்த முதிய யூதர் ஒருவர் நாள்தோறும் பத்திரிகையை வைத்துக்கொண்டு அவருக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தம் உச்சரிப்பைத் தாமே திருத்திக்கொண்டார். அத்தகையவர் 1964-ஆம் ஆண்டில் சிறந்த நாயக நடிகருக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார். கறுப்பினத்தாரில் அதனைப் பெற்ற முதல் நடிகர் அவரே.

அதே 1964-ஆம் ஆண்டில், கறுப்பர்களை வாக்காளராகப் பதிவு செய்ய உழைத்த தொண்டர்களுக்கு நிதி கொண்டு செல்வதற்காகப் பாய்ட்டியரும், பாடகர் ஹாரி பெலபான்டேயும் மிசிசிப்பியின் கிரீன்வுட் நகருக்குச் சென்றார்கள். இரவில் வெள்ளை வெறியர்கள் கார்களில் அவர்களைத் துரத்தினர். உயிர் தப்பியது அரிது. ஆகவே, மிசிசிப்பிக் கதையைப் படம்பிடிக்கத் தென் மாகாணத்திற்கு வர இயலாது என்று பாய்ட்டியர் கூறிவிட்டார். ஜூவிசன் வடக்கேயுள்ள இல்லினாய் மாகாணத்தில் ஸ்பார்ட்டா என்ற ஊரைக் கண்டார். பெயர்ப் பலகைகளை மாற்றும் செலவு வேண்டாமென்று, நாவலில் வேறு பெயர் கொண்டிருந்த ஊருக்குப் படத்தில் ஸ்பார்ட்டா என்றே பெயரிட்டார்கள். பருத்திக் காடு வேண்டுமே! அதற்கென டென்னசி மாகாணத்தில் மட்டும் சில நாட்கள் தங்கினர். அந்நாட்களில் பாய்ட்டியர் தலையணையின் கீழ்க் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு உறங்கினார் என்பது படக்குழுவினர் சொல்லும் செய்தி. சட்டத்தைக் காக்கும் அதிகாரியாக நடிக்க வந்தவருக்கு அந்நாட்டின் சட்டம் காவல் தரும் என்ற நம்பிக்கை இல்லை! இதைவிடப் பெரிய விமரிசனம் வேண்டுமோ?

காமிராக்காரர் ஹஸ்கல் வெக்ஸ்லரின் தொண்டும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் படப்பிடிப்பு நிலையங்களின் விளக்குகள் வெள்ளை முகத்துக்கென்றே அமைந்தவை. அதே ஒளி கறுத்த மேனியில் பட்டால் பளபளப்பு மேலிட்டு முகத்தின் நுண்ணிய பாவங்கள் மறைந்துபோகும். வெக்ஸ்லர் ஒளியைத் தணித்துப் பாய்ட்டியரின் முகம் தெளிவாகத் தெரியும்படி செய்தார். விளக்குக்கும் சீர்திருத்தம் தேவைப்பட்டது! குவின்ஸி ஜோன்ஸ் இசை அமைக்க, கண்ணொளி இழந்த பாடகர் ரே சார்ல்ஸ் முகப்புப் பாட்டைப் பாடினார். கதை கோடைக்காலத்தில் நடப்பது. படம் பிடித்ததோ குளிர் தொடங்கிய பருவத்தில். நடிகர்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி எழாதிருக்கப் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டார்களாம். வெக்கையை நம்மை உணரச் செய்தவர்கள் குளிரில் நடுங்கியவர்கள்.

காலத்தின் கண்ணாடி

படம் வெளிவந்த ஆண்டை மறந்து படத்தை மதிப்பிட இயலாது. 1948-ஆம் ஆண்டில்தான் தென்னகத்தின் தலையாய அட்லாண்டா நகரம் தன் போலீசில் கறுப்பர் எண்மரைச் சேர்த்தது. அவர்கள் வெள்ளையரைக் கைது செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 1964-ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டமும், 1965-ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் அப்பொழுதும் 16 மாகாணங்களில் இருந்தன. 1967-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றம் அவற்றை ஒழித்தது. ஜூலை மாதத்தில் நியூவர்க், டெட்ராய்ட் நகரங்களில் கறுப்பர் வாழும் பகுதிகள் கொந்தளித்துத் தீப்பற்றி எரிந்தன. அந்தப் புகை அடங்கிய சில நாட்களில் இப்படம் திரைக்கு வந்தது.

அதே 1967-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மிசிசிப்பியில் ஒரு மெய்யான வழக்கு முடிவுற்றது. 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செனி, குட்மன், சுவெர்னர் என்ற மூன்று உரிமைத் தொண்டர்கள் அம்மாகாணத்தில் கொலை செய்யப்பட்டிருந்தனர். அவர்களைப் பிடித்துச் சிறையில் வைத்து, இரவில் விடுவித்து, கொலைகாரர் கையில் சிக்கச் செய்தவர் அவ்வூரின் துணைப் போலீஸ் அதிகாரியே! விசாரிக்கப்பட்ட 18 பேரில் எழுவரே தண்டனை பெற்றனர். அவ்வதிகாரி அவர்களுள் ஒருவர். அதுவும் கொலைக் குற்றத்துக்காக அன்று. பிறருடைய உரிமையைப் பறிக்கச் சதி செய்ததற்காக. அத்துயரம் நிகழ்ந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? பிலடெல்பியா. மிசிசிப்பியிலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. படத்தின் நாயகரும் பிலடெல்பியாவிலிருந்து வந்தவரே. அது வடக்கேயுள்ள பெருநகரம். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்கள். ஒன்றில் கறுப்பர் போலீஸ் அதிகாரி, மற்றொன்றில் போலீஸ் அதிகாரியே கொலைக்கு உடந்தை. அமெரிக்காவின் இரு முகங்கள் இவை.

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஆஸ்கார் பரிசு விழா நடைபெறவிருந்தது. ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்குக்கு முன் விழா நடத்தினால் வர மாட்டோம் என்று பாய்ட்டியர் முதலியோர் அறிவித்தனர். விழா இரண்டு நாள் தள்ளி வைக்கப்பட்டது. ஏப்ரல் 10-ஆம் நாள் இப்படம் சிறந்த படம், சிறந்த நாயக நடிகர், தழுவிய திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகிய ஐந்து பரிசுகளைப் பெற்றது. நடிகர் பரிசு யாருக்கு? கில்லஸ்பியாக நடித்த ராட் ஸ்டீகருக்கு. அவர் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. மேடையிலேயே அவர் பாய்ட்டியருக்கு நன்றி கூறி, நிறவெறி இன்னதென்று தமக்கு உணர்த்தியவர் அவரே என்று சொன்ன பெருந்தன்மையும் பாராட்டத்தக்கது. ஆனால் பாய்ட்டியரின் பெயர் போட்டியிற்கூடச் சேர்க்கப்படவில்லை. ‘மிஸ்டர்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டவருக்குப் பரிசு. கற்றுக் கொடுத்தவருக்கு நன்றி!

குறை கண்டோர்

படத்தைப் புகழ்ந்தோரைப் போலவே குறை கண்டோரும் உண்டு. அக்குறைகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. 1967-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடகாசிரியர் கிளிபர்ட் மேசன், பாய்ட்டியரை வெள்ளை அமெரிக்கா ஏன் இப்படிக் காதலிக்கிறது என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் கேட்டு எழுதினார். பாய்ட்டியர் ஏற்கும் பாத்திரங்கள் அப்பழுக்கற்றவை. வெள்ளையர் உலகில் தனித்து நின்று அவர்களுடைய சிக்கலைத் தீர்ப்பவை. கறுப்பரின் மெய்யான வாழ்வு அவற்றில் இல்லை என்பது அவர் வாதம். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இப்படத்தின் முடிவைச் சாடினார். ரயில் நிலையத்தில் கில்லஸ்பி டிப்ஸின் பெட்டியைச் சுமந்து வந்து கைகொடுத்து விடை தருகிறாரே, அந்தச் சமாதானம் மிக மலிவானது என்பது அவர் கருத்து.

இவ்விரு குற்றச்சாட்டுகளிலும் உண்மை உண்டு. டிப்ஸ் கொலைகளை ஆய்வதில் நிபுணர், அஞ்சாநெஞ்சர், மாசற்றவர். அதனால் அவருக்கு மரியாதை கிடைத்தது. பருத்திக் காட்டில் குனிந்து நின்றவர்களுக்கு? பானகம் ஏந்தி நின்ற வேலையாளுக்கு? அவர்களை ‘மிஸ்டர்’ என்று எவர் அழைத்தார்? தகுதி மிக்க ஒருவருக்கு மட்டும் தரும் மரியாதை, திறமைக்குக் கொடுக்கும் கூலியே ஆகும். மனிதன் என்பதற்காகவே தருவதுதான் மரியாதை. படம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆயினும் அக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பிவிட்டுச் செல்கிறது. அதுவும் அதன் பெருமைகளுள் ஒன்று.

பின் வந்தவை

இப்படத்தின் செல்வாக்கு எங்கெங்கு பரவியது என்று பார்ப்போம். டிப்ஸை நாயகராக்கி 1970, 1971-ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு படங்கள் எடுத்தார்கள். முதலாவதற்கு அந்தப் புகழ்பெற்ற விடையையே பெயராக வைத்தார்கள். ஜூவிசனும் இல்லை, மிசிசிப்பியும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது, பொறி இல்லை. 1971-ஆம் ஆண்டில் ‘ஷாப்ட்’ என்ற படம், வெள்ளையரின் மதிப்பை எதிர்பாராத கறுப்பினத் துப்பறிவாளரைத் தந்தது. ஒத்துப்போகாத வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வழக்கில் பிணைக்கப்பட்டு, முரண்பட்டு, முடிவில் நண்பராகும் கதை பிற்காலத்தில் ஹாலிவுட்டின் ஓயாத வாணிகச் சரக்காயிற்று. 1982-ஆம் ஆண்டின் ‘48 அவர்ஸ்’, 1987-ஆம் ஆண்டின் ‘லீத்தல் வெப்பன்’ முதலியவை அவ்வழியில் வந்தவை. ஆனால் அவற்றில் சிரிப்பும் வெடியும் மிகுந்தன. பழைய வலி குறைந்தது.

1988 முதல் 1995 வரை இதே பெயரில் தொலைக்காட்சித் தொடரும் ஓடியது. அதில் டிப்ஸ் ஸ்பார்ட்டாவிலேயே குடியேறி அதிகாரியாகிறார். பிற்பகுதியில் கில்லஸ்பி ஒரு கறுப்பினப் பெண்மணியை மணந்துகொள்கிறார்! படம் வெளிவருவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்வரை மிசிசிப்பியில் அத்தகைய மணம் சட்டப்படி குற்றம். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இது சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கழகம் நூறு சிறந்த திரை வசனங்களைத் தேர்ந்தபோது, டிப்ஸின் விடை 16-ஆம் இடம் பெற்றது.

அதே 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் கருத்தைக் கவர்கிறது. பாய்ட்டியருக்கு ஆஸ்கார் மன்றம் கௌரவப் பரிசளித்த அதே இரவில், டென்சல் வாஷிங்டன் சிறந்த நாயக நடிகரானார். நாயக நடிகர் பரிசைப் பெற்ற இரண்டாவது கறுப்பர் அவர். முதல்வருக்கும் அவருக்கும் இடையே 38 ஆண்டுகள். அவர் பரிசு பெற்றது எந்த வேடத்துக்கு? இலஞ்சத்திலும் கொலையிலும் ஊறிப்போன ஒரு போலீஸ் அதிகாரியின் வேடத்துக்கு. 1967-ஆம் ஆண்டில் கறுப்பர் போலீஸ் வேடம் பூண்டால் தெய்வம் போல் மாசற்றிருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டிலோ, மற்ற மனிதரைப் போல் தீயவராகவும் நடிக்கலாம். அதற்காகத் தம் இனம் முழுவதும் பழி சுமக்க வேண்டியதில்லை. மேசன் கேட்டதற்கு ஒருவகையில் விடை கிடைத்தது.

மெய்யான நீதியோ திரையைவிட மெதுவாகவே நடந்தது. அந்த மூன்று தொண்டர்களின் கொலைக்காக மிசிசிப்பி மாகாணம் தானே வழக்குத் தொடுத்து ஒருவனைத் தண்டித்தது 2005-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள். கொலை நடந்து சரியாக 41 ஆண்டுகள் கழித்து.

நமக்கொரு கேள்வி

அமெரிக்கக் கதையை மலாயாத் தமிழருக்கு ஏன் இவ்வளவு விரித்துரைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு மற்றொன்றையும் கேட்டார்கள் என்பதை நினைவூட்டுகிறோம். வெள்ளைத் துரைமார் எதிரிலும், ஆசிய உத்தியோகஸ்தர் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையே அது. துரையை மட்டும் சொல்லவில்லை. கிராணிமாரையும் சேர்த்தே சொன்னார்கள். அப்போராட்டத்தை அடக்கப் பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்காதிருப்பதும், ‘மிஸ்டர்’ என்று அழைக்கச் சொல்வதும் வேறு வேறு அல்ல. வயிற்றுக்கு மட்டும் வாழாத மனிதர் எங்கும் கேட்பது ஒன்றே.

கிராணி வேலை பார்க்கும் நாம் இதனைச் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்பவர் காதில் இரு பக்கத்துச் சொற்களும் விழுகின்றன. இன்று தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர்கள் உண்டு. சம்பளப் புத்தகத்தில் அப்பெயர்கள் எழுத்துப் பிழையின்றி இருக்கின்றன. வாயில் வரும்போது என்னவாகின்றன? மரியாதைக்காகப் போராடிய பாட்டன்மாரின் பேரர்களாகிய தமிழர், தமக்குக் கீழே வேலை செய்யும் அந்நியரை எப்படி விளிக்கிறார்கள்? நீயும் எங்களைப் போன்றவன்தானே என்று கில்லஸ்பி டிப்ஸைக் கேட்ட கேள்வி, கடல் கடந்து வந்து நம் முன்னாலும் நிற்கிறது.

டிப்ஸ் அக்கேள்வியைக் கேட்டு வெட்கினார், வெட்கியபின் திருந்தினார், திருந்தியபின்தான் உண்மைக் குற்றவாளி அவர் கண்ணுக்குத் தென்பட்டான். தன்மானம் உள்ளவன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவான். பகுத்தறிவும் உள்ளவனாயின், வாங்கியதைப் பிறர்க்கும் கொடுப்பான். ஒருவனைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைப்பதற்குக் காசு செலவில்லை, சட்டமும் வேண்டியதில்லை, நாக்கைச் சற்றே திருத்திக்கொண்டால் போதும்.